நிறுவும் வழியும் மென்பொருளே: தமிழ் நிரலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பட்டர்வொர்த், பினாங்கு.

கட்டற்ற மென்பொருள் ஆக்கும் தமிழ் நிரலாளர்களுக்கு வணக்கம்.

நிரல் எழுதத் தெரியாத ஒருவன் எழுதும் மடல் இது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திய பிறகு, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் சிலரின் பழைய மடிக்கணினிகளில் உபுண்டு என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்து வருகிறேன். உங்கள் உழைப்பின் அருமையையும், அது அவர்கள் கையை எட்டாமல் வாசலிலேயே நின்றுவிடுவதையும் ஒருசேரப் பார்ப்பதால் எழுதுகிறேன்.

அண்மையில் ஓர் ஆசிரியை, பழைய கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்றைத் தட்டச்சு செய்யாமலே எழுத்தாக மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியும். 2005இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் என்ற எழுத்துணரி, பக்கத்தின் படத்தைப் படித்து அதைச் செய்யும். ஆனால் உபுண்டுவிலும் அதற்கு அடிப்படையான டெபியனிலும் அதை நிறுவும்போது ஆங்கில எழுத்தை அறிவதற்கான தரவு தானாகவே உடன் வருகிறது. தமிழ்த் தரவோ தனித் தொகுப்பு, அதன் பெயர் தெரிந்தவரே தேடிப் பெற முடியும். அது இல்லாமல் தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால், எந்த எச்சரிக்கையும் இன்றி ரோமன் எழுத்துகளைப் பொருளற்றுக் கொட்டுகிறது. “இதற்குத் தமிழ் தெரியாது போலிருக்கிறது, தம்பி” என்று அந்த ஆசிரியை கணினியை மூடி வைத்துவிட்டார். தெரியும் என்று நான் நிறுவிக் காட்ட ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. நான் பக்கத்தில் இல்லாத வீடுகளில் அந்த ஐந்து நிமிடத்தை யார் கொடுப்பார்?

தமிழுக்கென்றே எழுதப்படும் சிறு கருவிகளில் நிலைமை இன்னும் கடினம். பலவற்றின் ரீட்மீ என்ற விளக்கக் கோப்பு ‘பிப் இன்ஸ்டால்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. 2023இல் வந்த டெபியன் 12 முதலும் அதே ஆண்டின் உபுண்டு 23.04 முதலும், பைத்தான் மொழி நிரல்களை நிறுவும் கருவியான பிப், கணினியின் சொந்தப் பைத்தானுக்குள் நேரடியாக எதையும் நிறுவ முடியாதபடி தடுத்திருக்கிறார்கள். இயங்குதளம் நம்பியிருக்கும் நூலகங்களைப் பிப் மாற்றினால் இயங்குதளமே பழுதாகலாம் என்பதால் அந்தத் தடை நியாயமானதுதான். ஆனால் உங்கள் ஒற்றை வரி பழையபடியே கிடக்க, அதை நம்பித் தட்டியவருக்குப் புரியாத ஆங்கிலப் பிழைச் செய்தி கிடைக்கிறது. அதையும் மீறும் வழியை இணையத்தில் தேடிக் கண்மூடித்தனமாகத் தட்டுகிறவர்களை எண்ணினால் எனக்கு அச்சமாகவே இருக்கிறது.

நிறுவாமலே இயங்கும் ஒற்றைக் கோப்பான ஆப்இமேஜாகக் கொடுத்தால் போதும் என்பீர்கள். உபுண்டு 22.04இலிருந்து, பல ஆப்இமேஜ்களுக்குத் தேவையான ஃபியூஸ் என்ற நூலகத்தின் பழைய பதிப்பு இயல்பாக இருப்பதில்லை. அத்தகையவற்றை இருமுறை சொடுக்கினால் ஒன்றுமே நடக்காது. பொதி வடிவங்களில் ஃபுளாட்பேக்கா ஸ்னாப்பா என்ற வழக்கில் எனக்குப் பக்கம் இல்லை. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறக்காமல், ஒரே பொதியாக, அது சார்ந்திருக்கும் நூலகங்களும் தமிழ்த் தரவும் எழுத்துருவும் உள்ளடங்கி வந்தால் எதுவும் நன்றே. விண்டோஸ் பயனருக்குத் தருவதானால் கையொப்பமிட்ட நிறுவியாகத் தாருங்கள். கையொப்பம் இல்லாத நிறுவியைத் திறக்கும்போது வரும் நீலநிற எச்சரிக்கையைக் கண்டு திரும்பிவிடுகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர், எச்சரிக்கையானவர்கள். திறந்த மூலத் திட்டங்களுக்குக் கட்டணமின்றிக் கையொப்பம் வழங்க சைன்பாத் அறக்கட்டளை இருக்கிறது.

ஊதியமின்றி இரவில் கண்விழித்து எழுதுகிறீர்கள் என்பதை அறிவேன்; பொதியாக்கம் அலுப்பான வேலை என்பதையும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே வெறுங்கையோடு கேட்கவில்லை. வெளியீட்டுக்கு முன் உங்கள் பொதியை எங்களுக்குக் கொடுங்கள். நிரல் அறியாத அந்த ஆசிரியர்கள் ஒவ்வொருவரும், நான் வாய் திறக்காமல் பக்கத்தில் அமர்ந்திருக்க, அதைத் தாமே நிறுவிப் பார்ப்பார்கள். எந்தத் திரையில் கை தயங்கியது, எந்தச் சொல் விளங்கவில்லை என்பதைத் திரைப்பிடிப்போடு தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

அந்தக் கோயில் மலரில் இன்னும் நாற்பது பக்கங்கள் பாக்கி இருக்கின்றன.

அன்புடன்,
பட்டர்வொர்த் பயனர் ஒருவன்