நான்காவது கிடாரிக்கும் ஒரு நல்ல வார்த்தை

அன்புள்ள பேராசிரியருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் தபாலில் வந்து சேரும். இங்கே தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. எனக்கு விவாதம் கற்றுத்தந்த உங்களைப் பற்றி முப்பது வருடங்களுக்கு மேலாக நான் பேசி வருவது தமிழில்தான். வீட்டில், நண்பர்களிடம், நான் விவாதம் சொல்லித்தரும் பிள்ளைகளிடம். "யார் அந்த மாட்டுப்பண்ணை வாத்தியார்?" என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு பால்பண்ணையில் பிறந்து வளர்ந்தவர் நீங்கள். விடியுமுன் பால் கறந்து, தொழுவத்தைக் கழுவிவிட்டுத்தான் பள்ளிக்கூடம். உங்கள் ஓய்வு விழாவில் பேசிய எல்லோரும், தொழுவத்திலிருந்து கிளம்பி மேடைக்கு வந்து சேர்ந்தவர் என்றே உங்களைப் புகழ்ந்தார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நீங்கள் விவாதம் கற்றுக்கொண்டதே அந்தத் தொழுவத்தில்தான் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு அது தெரிய வந்தது 1988-ல், ஒரு விவாதப் போட்டியில் தோற்ற பிறகு. அந்தச் சுற்றில் எதிரணிப் பெண் ஒரு நல்ல ஆதாரத்தை வைத்தார். எனக்குப் பதில் தெரியவில்லை. எழுந்து நின்று, அவர்கள் வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று அடித்துப் பேசினேன். தோற்றோம். திரும்பும் வழியில் இரவு வேனைப் பெரிய சாலையிலிருந்து திருப்பி, இரண்டு பக்கமும் மக்காச்சோளம் நின்ற மண் பாதையில் ஓட்டி, உங்கள் அண்ணன் பண்ணையில் எங்களைத் தங்க வைத்தீர்கள். காலை ஐந்து மணிக்கு என்னை மட்டும் எழுப்பினீர்கள்.

நான்கு கிடாரிகள் வரிசையாக நின்றன. முதுகில் சாக்கட்டியால் எண் போட்டிருந்தீர்கள். "வரிசைப்படுத்து, அப்புறம் காரணம் சொல்" என்றீர்கள். மாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? முதுகு நேராக இருக்கிறதா, விலா அகன்றிருக்கிறதா, நடக்கும்போது பின்னங்கால் எப்படி விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். கையால் தடவிப் பார்க்கச் சொன்னீர்கள். பனியில் அவற்றின் முதுகு நனைந்திருந்தது. மூச்சு புகை மாதிரி வந்தது. கடைசியில் நான் வரிசை சொன்னேன். நான்காவதைப் பற்றி, "இது எல்லாவற்றிலும் மோசம்" என்றேன்.

நீங்கள் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டீர்கள்: "இதனிடம் நல்லது எதுவுமே உன் கண்ணில் படவில்லையா?"

அமெரிக்கப் பண்ணைப் பிள்ளைகளின் மாட்டுத் தேர்வுப் போட்டி பற்றி அன்றுதான் கேள்விப்பட்டேன். நான்கு மாடுகளை வரிசைப்படுத்தினால் 50 மதிப்பெண். நடுவர் முன்னால் நின்று, கையில் குறிப்பு இல்லாமல், இரண்டு நிமிடத்துக்குள் காரணம் சொன்னால் இன்னொரு 50. முதலாவது ஏன் இரண்டாவதைவிட மேல், இரண்டாவது ஏன் மூன்றாவதைவிட மேல் என்று ஜோடி ஜோடியாகச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பின்னால் வைத்த மாடு எதில் உசத்தியோ, அதையும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். "மூன்றாவதுக்கு உடல் நீளம் அதிகம், ஒப்புக்கொள்கிறேன்; இருந்தாலும் இரண்டாவதன் கால் உறுதியானது" என்கிற மாதிரி. ஒப்புக்கொள்ளாவிட்டால் நீ மாட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நடுவருக்குத் தெரிந்துவிடும் என்றீர்கள். பன்னிரண்டு வயதில் நீங்கள் பழகிய பயிற்சி அது. உங்கள் வகுப்பில் வருடம் முழுக்க எங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒரே தலைப்பில் காலையில் ஆதரித்தும் மதியம் எதிர்த்தும் பேச வேண்டும் என்பது ஆரம்பத்தில் பித்தலாட்டமாகத் தெரிந்தது. அதை உங்களிடமே சொன்னேன். நீங்கள் 1954-ஐப் பற்றிச் சொன்னீர்கள். அப்போது நீங்கள் கல்லூரி மாணவர். அந்த வருடக் கல்லூரி விவாதத் தலைப்பு, கம்யூனிஸ்ட் சீன அரசை அமெரிக்கா அங்கீகரிக்க வேண்டுமா என்பது. கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டவர்களையெல்லாம் செனட்டர் மெக்கார்த்தி குற்றம்சாட்டிய காலம். ஆதரித்துப் பேசினாலே துரோகி என்று பார்க்கப்பட்ட நேரம். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியும் அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியும் தங்கள் மாணவர்கள் அந்தத் தலைப்பைத் தொடவே கூடாது என்று தடுத்துவிட்டன. இரண்டு பக்கமும் பேச வைப்பது ஒழுக்கமா என்று பேச்சுத்துறை ஆசிரியர்களே தங்களுக்குள் சண்டை போட்டார்கள். நீங்கள் இரண்டு பக்கமும் பேசினீர்கள். ஊரில் உங்கள் அப்பாவிடம் யாரோ வந்து கேட்டபோது, "அவன் நாலு மாட்டையும் பார்த்துவிட்டுத்தான் வரிசை சொல்வான்" என்றாராம். 1979 ஜனவரி 1-ல் அமெரிக்கா அந்த அரசை அங்கீகரித்தது. அன்று நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்கத் தோன்றாமல் போயிற்றே என்று எனக்கு இன்றும் வருத்தம்.

இத்தனை நாள் சொல்லாத ஒரு கருத்து வேறுபாட்டையும் இங்கே வைக்கிறேன். போட்டியில் நிறைய வாதங்களை அடுக்குவதற்காக மாணவர்கள் பேசும் வேகப் பேச்சை நீங்கள் வெறுத்தீர்கள். நிமிடத்துக்கு 300 சொற்களைத் தாண்டி மூச்சு வாங்க ஓடும் மாணவனைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுவீர்கள். பால் கறக்கிற கை அவசரப்பட்டால் மாடு உதைக்கும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்: அந்த வேகத்தில் பேசினால் வெளியாள் ஒருவருக்கும் எதுவும் விளங்காது, குரலின் ஏற்ற இறக்கமும் செத்துப்போகும். இருந்தாலும், அந்த ஓட்டத்தை எழுதிக்கொண்டு பின்தொடர்ந்த வருடங்களில்தான் என் காது கூர்மையானது. எதிரணி சொன்ன பதினைந்து வாதத்தில் எதற்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரே பார்வையில் பிடிக்க அங்கேதான் கற்றேன். இந்த ஒன்றில் உங்கள் வரிசை தவறு என்றே நினைக்கிறேன்.

கை நடுக்கத்தால் உங்களால் இப்போது எழுத முடிவதில்லை என்று உங்கள் மகள் சொன்னார். ஞாயிறு காலை உங்களுக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன். இரண்டு நிமிடம் நீங்கள் பேசுங்கள், குறுக்கிடாமல் கேட்கிறேன்.

என்றும் உங்கள் மாணவன்