கவிதையிலிருந்து அஜ்ஜியை ஏன் எடுத்தீர்கள்? விழா மலர்க் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய விழா மலர்க் குழுவினருக்கு,

வணக்கம். மலர் கைக்கு வந்தது. தாள் நன்றாக இருக்கிறது. அட்டையில் இளஞ்சிவப்புப் பூக்களோடு நம் பெங்களூர் கப்பன் பார்க், உள்ளே வாழ்த்துரைகள், விளம்பரங்கள், எல்லாம் நேர்த்தி. இவ்வளவு வேலை செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் 41ஆம் பக்கத்தையும் 44ஆம் பக்கத்தையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. போனில் இரண்டு முறை பேசினேன். "பார்க்கலாம் சார்" என்பதைத் தாண்டி எதுவும் நகரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இயற்கையைப் பற்றிப் பிள்ளைகளிடம் கவிதையும் ஓவியமும் கேட்டீர்கள். எங்கள் ஞாயிறு தமிழ் வகுப்பிலிருந்து ஒன்பது பேர் அனுப்பினார்கள். அதில் ஹொரமாவு பக்கம் இருக்கும் எட்டாம் வகுப்புப் பெண்ணின் கவிதைக்கு ஆறுதல் பரிசு கொடுத்து அச்சிட்டிருக்கிறீர்கள். நன்றி. ஆனால் அச்சில் இருப்பது அவள் கவிதை இல்லை.

அவள் எழுதியது 2024 கோடையை. அந்தக் கோடையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊரில் இருக்கும் 13,900 அரசு போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டன என்று கர்நாடகத் துணை முதல்வரே சொன்னார். தன் வீட்டு போர்வெல்லும் வற்றிவிட்டது என்றார். காவிரிக் குழாய் எட்டாத தெருக்களில் லாரி எப்போது வருகிறதோ அப்போதுதான் விடிந்தது. கவிதையின் கடைசி ஐந்து வரிகளை அவள் இப்படி முடித்திருந்தாள் (அஜ்ஜி என்றால் கன்னடத்தில் பாட்டி):

ராத்திரி ரெண்டு மணி, தண்ணி லாரி.
சோப்பு அடைச்ச நீலக் குடம் எங்களுடையது.
அது நிறையும்போதே பைப் இருமியது.
பின்னால் நின்ற அஜ்ஜியின் குடத்தில்
காத்து மட்டும் விழுந்தது.

நீங்கள் அச்சிட்டிருப்பது இது:

நள்ளிரவு நேரம், நங்கையர் கூட்டம்.
அழகிய மண்குடம் அன்னையின் இடுப்பில்.
கலங்காதே மனமே, காலம் மாறும்.
நாளை மழை வரும்,
மண்ணெல்லாம் குளிரும்!

மோனை நன்றாக விழுந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐயா, இரண்டு மணிக்கு லாரியைச் சுற்றி நாற்பது பேர் முண்டும்போது மண்குடம் எடுத்துக்கொண்டு யாராவது போவார்களா? நீலக் குடம் என்பது பிளாஸ்டிக் குடம். யாருடையது என்று தெரிய அதன் கழுத்தில் நெயில் பாலிஷால் பெயரின் முதல் எழுத்தைப் போட்டிருப்பார்கள். அடியில் விரிசல் விட்டால் தூக்கிப் போடமாட்டார்கள். துணி சோப்பை ஈரத்தில் பிசைந்து விரிசலில் அழுத்தினால் இரண்டு நாள் தாங்கும். அதற்குப் பிறகு லாரியிலிருந்து வீடு வரைக்கும் தெருவில் சொட்டுச் சொட்டாகக் கோடு விழும். இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவள் அம்மா ஒரு டெக் பார்க்கில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு ஏழு மணிக்குள் போயாக வேண்டும். அதனால் அந்த இரண்டு மாதமும் இந்தப் பெண் ராத்திரியிலேயே பள்ளி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு படுப்பாளாம். காலையில் குளிக்கத் தண்ணீர் இருக்காது என்று தெரிந்த பிறகு எதற்கு இரண்டு முறை உடை மாற்றுவது? இதை அவள் கவிதையில் எழுதவில்லை. நான் கேட்டபோது சொன்னாள். சாதாரணமாகச் சொன்னாள்.

மலரைக் கொடுத்ததும் ஒரு தடவை படித்தாள். திரும்பவும் படித்தாள். "அஜ்ஜியை எங்க சார் காணோம்?" என்றாள், அவ்வளவுதான். அந்த அஜ்ஜி அவர்கள் வரிசையில் மூன்றாவது வீடு. கன்னடக்காரர். தமிழ் வராது. "உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், புக்கு வந்ததும் கன்னடத்தில் சொல்கிறேன்" என்று இவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது எதைச் சொல்வது?

உங்கள் குழுவில் ஒருவர் போனில் காரணத்தைச் சொல்லிவிட்டார். "தண்ணீர்னு வந்தாலே இந்த ஊர்ல அரசியல் ஆயிடும் சார், நமக்கெதுக்கு?" இந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது ஐ.டி.ஐ. காலனியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். 2016 செப்டம்பரில் அதே காவிரிப் பிரச்சினையில் பஸ்கள் எரிந்ததை எல்லோரும் பார்த்தோம். சரி, இந்தக் கவிதையில் காவிரி எங்கே இருக்கிறது? ஒரே லாரி, ஒரே பைப், முன்னால் ஒரு தமிழ்ப் பெண், பின்னால் ஒரு கன்னடப் பாட்டி. அரசியலுக்குப் பயந்து, கவிதையில் இருந்த ஒரே கன்னடக்காரரை வெளியே அனுப்பிவிட்டீர்கள்.

"நம்பிக்கையோடு முடிய வேண்டும்" என்று இன்னொரு காரணமும் சொன்னார். விழாவன்று காலையில் அல்சூர் ஏரிப் பக்கத்து வள்ளுவருக்கு மாலை போட்டுவிட்டுத்தானே தொடங்குவீர்கள்? அவருடைய வான்சிறப்பை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். பத்துக் குறளில் பாதிக்கு மேல், மழை பெய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான். பசி வாட்டும், உழவர் ஏர் பூட்டமாட்டார், கடலே வளம் குன்றும், சாமிக்குப் பூசைகூட நடக்காது. எந்த இடத்திலும் 'கலங்காதே மனமே' என்று அவர் போடவில்லை. நல்லவேளை, உங்கள் போட்டிக்கு அவர் அனுப்பவில்லை. அந்தச் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தது. மூடி வைப்பது எப்படி வலிக்கும் என்று பெங்களூர்த் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அப்புறம், 'நாளை மழை வரும்' என்றீர்களே, அது வந்தது. 2024 ஜூன் 2, ஒரே நாளில் 111 மில்லிமீட்டர். ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு பெய்து 133 வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை. மண் குளிர்ந்ததா? மண் இருந்தால்தானே குளிர. அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் சாக்கடையோடு சேர்ந்து கணுக்கால் அளவு தண்ணீர். அதற்கு முந்தின மாதம் வரை நிறையாமல் கிடந்த நீலக் குடங்கள் சமையலறையில் மிதந்தன. பருவநிலை மாற்றம் என்று மேடையில் பேசுகிறோமே, அது அவள் வீட்டுக்கு வந்த விதம் இதுதான்.

44ஆம் பக்கம். யமலூர்ப் பையன் வரைந்த படம். வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரி சாலையெங்கும், நடுவில் ஒரு ஆட்டோ. கீழே நீங்கள் போட்ட தலைப்பு: 'பனி படர்ந்த மலைச்சாரல்'. அது பனி இல்லை. பெள்ளந்தூர் ஏரி நுரை. நம் வீட்டுக் குளியலறையிலிருந்தும் துணி துவைக்கும் கல்லிலிருந்தும் போன சோப்புத் தண்ணீர், சுத்திகரிக்காத சாக்கடையோடு ஏரியில் கலந்து, மதகில் விழுந்து நுரைத்து, காற்றில் பறந்து சாலைக்கு வருவது. அதே ஏரி 2018 ஜனவரியில் பற்றி எரிந்தபோது ராணுவ வீரர்கள் வந்துதான் அணைத்தார்கள். பையனின் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். நுரை அப்பிய கண்ணாடியைத் தன் போனில் எடுத்த படத்தை இன்னும் வைத்திருக்கிறார். அதைப் பார்த்துத்தான் வரைந்தான். வைப்பரைக்கூட விடாமல் போட்டிருக்கிறான். பெங்களூரில் எந்த மலைச்சாரலில் மீட்டர் போட்ட ஆட்டோ ஓடுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இங்கே எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது, மன்னிக்க வேண்டும். உங்களை மட்டும் சொல்லவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மலரில் 'தென்றலே வா' என்று எழுதியவன் நான். நம் கவியரங்குகளில் இந்த ஊர் இன்னும் பூங்கா நகரம்தான். அட்டையில் நீங்கள் போட்ட இளஞ்சிவப்புப் பூ தபேபூயாகூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. இதைப் பற்றி ஒரு வரி எழுத நமக்கு வாய் வரவில்லை. ஆனால் 2015இல் சுல்தான்பாளையாவில் குளமாகிப் போன சாலைப் பள்ளத்தில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர் ஆளுயர முதலை ஒன்றைச் செய்து மிதக்க விட்டார். ஊரே திரும்பிப் பார்த்தது, பள்ளத்தையும் மூடினார்கள். நம் மலரில் அந்த முதலை வந்திருந்தால் 'வனவிலங்குச் செல்வம்' என்று தலைப்புப் போட்டிருப்போம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மலரை மறுபடி அச்சடிக்கச் சொல்லவில்லை, செலவு எனக்குத் தெரியும். மீதிப் பிரதிகள் உங்கள் அலுவலகத்தில் இருப்பதைப் பார்த்தேன். 41ஆம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் ஐந்து வரிகளை அவள் எழுதியபடியே, சோப்போடும் அஜ்ஜியோடும், ஒரு சீட்டில் போட்டு ஒட்டுங்கள். 44ஆம் பக்கத்தில் பையன் வைத்த தலைப்பைப் போடுங்கள். 'அப்பா வண்டியில் நுரை' என்பது அவன் வைத்தது. விழா மேடையில் கவிதை வாசிக்கச் சொன்னால், அவள் கவிதையை அவளே வாசிக்கட்டும்.

சீட்டை நானே அச்சடித்துத் தருகிறேன். வகுப்புப் பிள்ளைகளோடு வந்து, உட்கார்ந்து ஒட்டியும் கொடுக்கிறோம். பசையும் நாங்களே கொண்டுவருவோம். தயவுசெய்து ஒரு நாள் சொல்லுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், எங்கள் தெருவில் அன்றைக்குத்தான் தண்ணீர் விடுவார்கள்.

அன்புடன்,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியன்,
ராமமூர்த்தி நகர், பெங்களூர்