ருவாண்டா காப்பியில் உருளைக்கிழங்கு வாடை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. கடை ஒருவழியாக நிலைத்துவிட்டது என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். ருவாண்டா காப்பியை ஐந்து கோப்பையில் போட்டுப் பார்த்ததில் நான்கு அருமையாக இருந்தன, ஒன்றில் மட்டும் பச்சை உருளைக்கிழங்குத் தோல் வாடை அடித்தது என்று எழுதியிருந்தாயே, அது உன் வறுவலில் வந்த தப்பு இல்லை. மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடாதே.

வாடைக்குக் காரணம் ஐசோபுரோப்பைல் மெத்தாக்சி பைரசின். உருளைக்கிழங்கில் இருப்பதும் இதுதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் அணுவளவு இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ருவாண்டா, புருண்டி மலைகளில் ஆன்டெஸ்டியா என்ற நாவாய்ப்பூச்சி பழத்தைத் துளைத்துச் சாறு உறிஞ்சுகிறது. அந்தத் துளை வழியாகப் பாக்டீரியா உள்ளே போவதுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார். ஒரு கோப்பைக்கு 15 கிராம் என்றால் நூற்றுச் சொச்சம் கொட்டை. ஆயிரத்தில் ஒரு கொட்டை கெட்டிருந்தாலே ஏறக்குறைய பத்துக் கோப்பைக்கு ஒன்று பாழ். ருவாண்டாவில் காப்பி வளர்ப்பவை ஏறக்குறைய 4 லட்சம் குடும்பங்கள், பெரும்பாலும் ஆளுக்குச் சில நூறு மரங்கள்தான். நூற்றுக்கணக்கானவர்களின் பழம் ஒரே நாளில் ஒரே தொட்டியில் விழுகிறது. எந்த மரத்துப் பழம் என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் வேலை மரத்திலேயே தொடங்க வேண்டும். அடர்ந்த இலைக்குள்தான் பூச்சி ஒளியும். கவாத்து செய்து உள்ளே வெயில் படவிட்டால் பூச்சி குறையும். மிச்சத்துக்குப் பைரெத்ரம் என்ற பூவிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்து. அந்தப் பூ ருவாண்டாவிலேயே, வடக்கே முசான்சே பக்கம் விளைகிறது.

அடுத்தது கழுவும் நிலையம். பறித்த அன்றே பழம் வந்து சேர வேண்டும். தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறிகிறார்கள். பூச்சி குடித்த பழம் பல இலேசாகி மிதக்கும். ஆனால் எல்லாம் மிதக்காது, ஏமாறும் இடம் அதுதான். தோல் உரித்து, புளிக்கவைத்து, கழுவிய பிறகு ஈரப் பார்ச்மென்டை, அதாவது மேலோடு போகாத கொட்டையை, நிழல் மேசையில் மெல்லிசாகப் பரப்புகிறார்கள். ஈரத்தில் மேலோடு கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே கொட்டையின் பச்சை நிறம் தெரியும், பூச்சி குத்திய கருப்புப் புள்ளியும் தெரியும். மேசையின் இரு பக்கமும் பெண்கள் நின்று கையால் பொறுக்குவது அந்தச் சில மணி நேரத்தில்தான். காய்ந்துவிட்டால் ஓடு வெளுத்து எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். அவசரப்பட்டு நேரே வெயிலில் போடும் நிலையங்களின் காப்பியில் வாடை கூடுதலாக வர இதுவே காரணம் என்பேன். என்னைக் கேட்டால், தோட்டத்தின் உயரத்துக்கும் போர்பன் என்ற காப்பி ரகத்துக்கும் கொடுக்கும் விலையில் பாதியாவது இந்தப் பொறுக்கலுக்குக் கொடுக்கலாம்.

வறுத்த பிறகு பார்வையால் கண்டுபிடிக்க முடியாது, அரைக்கும்போது மூக்கால்தான் முடியும். அதனால் கொட்டையைக் கிரைண்டரின் மேலே இருக்கும் ஹாப்பரில் நிரப்பாதே. ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாக எடைபோட்டு அரை, உடனே முகர்ந்து பார். வாடை வந்தால் தூளைக் கொட்டிவிட்டு, ஐந்து கிராம் வேறு கொட்டையை அரைத்துக் கிரைண்டரைத் துடைத்துவிடு. ஃபில்டருக்கு என்று கால் கிலோ ஒன்றாக அரைத்து வைப்பதை இந்தக் காப்பிக்குச் செய்யவே வேண்டாம்; கெட்ட கொட்டை ஒன்றிரண்டு விழுந்தாலும் மொத்தத் தூளிலும் கலந்துவிடும்.

அடுத்த முறை வாங்கும்போது நிழல் மேசையில் ஈரமாகப் பொறுக்கினார்களா, எத்தனை மணி நேரம் என்று கேள். பதில் தெளிவாக வந்தால் மாதிரி வாங்கி ஐந்து கோப்பைக்குப் பதில் இருபது போட்டுப் பார். அறுவடை மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை என்பதால் புதுக் காப்பி ஆண்டுக் கடைசிக்குள் உன் பக்கம் வந்துவிடும். இருபதில் எத்தனை தேறின என்று எழுது.

அன்புடன்,
முருகேசன்