லாகிங் லைப்ரரியில் நினைவகக் கசிவு: நண்பனுக்கு ஒரு கடிதம்

நாகர்கோவில்

அன்பு நண்பனுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். வடசேரிச் சந்தையில் உன் அம்மாவைப் பார்த்தேன். அவரும் நலமாக இருக்கிறார். நீ எழுதிவரும் லாகிங் லைப்ரரியை (செயலியில் நடப்பதை வரி வரியாகப் பதியும் நிரல்தொகுப்பை), நினைவகப் பிழைகளைத் தேடும் கருவியான வால்கிரிண்டில் ஓட்டியபோது அது இழப்பு எதையும் காட்டவில்லை என்றும், அதனால் நினைவகக் கசிவு (வாங்கிய நினைவகம் விடப்படாமல் பெருகிக்கொண்டே போவது) இல்லை என்று முடிவு செய்யலாமா என்றும் கேட்டிருந்தாய். செய்ய முடியாது என்பதே என் பதில். காரணத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முப்பந்தல் காற்றாலைகளின் அளவீடுகளைத் திரட்டும் பைத்தான் செயலி ஒன்று இப்போது எங்கள் பராமரிப்பில் இருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாயும் மாதங்களில் அதை நிறுத்தித் திரும்பத் தொடங்க யாரும் விரும்புவதில்லை. ஆகவே அது வாரக்கணக்கில் இடைவிடாமல் ஓடும். காற்றாலையின் இணைப்பு அறுந்து மறுபடி கிடைக்கும்போதெல்லாம், அதன் எண்ணையும் இணைந்த நேரத்தையும் சேர்த்துப் புதுப்பெயர் உண்டாக்கி, அந்தப் பெயரில் ஒரு லாகரை (லாக் வரிகளை எழுதித் தரும் பொருளை) கேட்டு வாங்கும்படி பழைய நிரல் எழுதப்பட்டிருந்தது. பைத்தானின் லாகிங் தொகுதியோ, அதே பெயரை மறுமுறை கேட்டால் அதே லாகரைத் தர வேண்டியிருப்பதால், கேட்ட ஒவ்வொரு பெயரையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, செயலி முடியும்வரை விடாமல் வைத்திருக்கும். இணைப்புக்கு ஒரு லாகர் என்று உண்டாக்காதீர்கள், அவை குப்பை நீக்கத்தில் (யாரும் பிடித்திராத பொருள்களைப் பைத்தான் தானே அழிப்பதில்) போகமாட்டா, ஒரே லாகரின் வரிகளில் கூடுதல் விவரம் சேர்க்கும் லாகர் அடாப்டரைப் பயன்படுத்துங்கள் என்று பைத்தான் ஆவணமே சொல்கிறது. காற்று வலுத்து இணைப்புகள் அடிக்கடி அறுந்த நாட்களில் நினைவகம் வேகமாக ஏறியதன் காரணம் அதுதான்.

இதை வால்கிரிண்ட் ஏன் குற்றமாகச் சொல்லாது என்று பார். எந்தச் சுட்டியும் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறியும்) சென்றடைய முடியாத நினைவகத்தைத்தான் அது உறுதியான இழப்பு என்று கணக்கிடுகிறது. செயலி முடியும் தறுவாயிலும் ஏதோ ஒரு சுட்டி பிடித்திருப்பதை 'இன்னும் எட்டக்கூடியது' என்று தனியே வகைப்படுத்தி, இயல்பான அமைப்பில் பிழைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. ஆண்டுதோறும் பரணில் ஏற்றிக்கொண்டே போகும் சாமான் தொலைந்துபோனதாகாது, ஆனால் வீட்டில் இடம் இல்லாமல் போகிறது. லாகிங் லைப்ரரியின் இயல்பே பெயர், ஹேண்ட்லர் (வரியைக் கோப்புக்கோ வேறிடத்துக்கோ அனுப்பும் பகுதி), வரிசை, இடையகம் (வரிகளைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) என்று பலவற்றைப் பிடித்துவைத்திருப்பதுதான். ஆகையால் அங்கே நாம் முதலில் தேட வேண்டியது தொலைந்ததை அல்ல, வளர்வதை.

வளர்ச்சியை அளக்க, செயலி இயக்க முறைமையிடமிருந்து பெற்றிருக்கும் மொத்த நினைவகத்தைப் பார்ப்பது போதாது. 512 பைட்டுக்கு மேற்படாத பொருள்களைப் பைத்தான் தன் சொந்த ஒதுக்கீட்டாளரைக் கொண்டே கையாள்கிறது. ஒரு பெரிய துண்டில் ஒரே ஒரு பொருள் உயிரோடு இருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் திரும்பப் போகாது. நினைவகம் நிரலின் எந்த வரியில் வாங்கப்பட்டது என்று காட்டும், பைத்தான் 3.4 முதல் உடன் வரும் ட்ரேஸ்மாலக்கைப் பயன்படுத்து. இயல்பாக அது ஒரே ஒரு அழைப்புச் சட்டகத்தைத்தான் (அழைப்புத் தொடரின் ஒரு படியைத்தான்) பதிந்துவைக்கும். அப்படி விட்டால் எல்லாப் பழியும் லாகிங் தொகுதியின் உள்வரி ஒன்றின் மேல் விழும், அதை அழைத்தவர் யார் என்று தெரியாது. ஆகவே 25 சட்டகங்கள் வரை கேள். முதலில் ஒரு சுற்று வெறுமனே ஓடட்டும். தொகுதிகள் ஏறுவதும் தற்காலிகச் சேமிப்புகள் நிரம்புவதும் அதோடு முடியும். பிறகு குப்பை நீக்கத்தை வலிந்து அழைத்து, ட்ரேஸ்மாலக்கால் அப்போதைய நினைவக நிலையின் படம் ஒன்று எடு, அதே வேலையை ஓட்டி இன்னொரு படம் எடு, வேலையை இருமடங்காக்கி மறுபடியும் எடு. வேறுபாடும் இருமடங்கானால் கசிவு; ஓரிடத்தில் நின்றுவிட்டால் அது வெறும் சேமிப்பு. சி மொழியில் எழுதிய பகுதி, அம்மொழியின் நினைவக ஒதுக்கீட்டுச் செயற்கூறான மாலக்கில் நேரடியாக வாங்குவது ட்ரேஸ்மாலக்கின் கண்ணில் படாது. அதற்கு வால்கிரிண்ட் வேண்டும், அப்போது பைத்தானின் சொந்த ஒதுக்கீட்டாளர் விலகியிருக்கும்படி பைத்தான்மாலக் என்ற சூழல் மாறியை மாலக் என்று அமைத்துவிட்டு ஓட்டு.

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் சோதனை இதைவிடச் சிறியது. ஒரு பொருளை உண்டாக்கி, அதற்கு வலுவற்ற சுட்டி (பொருளைக் காட்டும், ஆனால் உயிரோடு பிடித்துவைக்காத சுட்டி) ஒன்றை வைத்துக்கொண்டு, அப்பொருளை லாக் வரிக்கு மதிப்பாகக் கொடுத்துவிட்டு நம் பிடியை விட்டுவிட வேண்டும். குப்பை நீக்கத்துக்குப் பின் அந்தச் சுட்டி வெறுமையாகாவிட்டால், லைப்ரரி எங்கோ அதைப் பிடித்திருக்கிறது. அளவுகளின் ஏற்ற இறக்கம் இதில் குறுக்கிடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டும் அளவுக்கு விரைவாகவும் முடியும். இதையே விதிவிலக்கோடும் செய்து பார்க்க மறவாதே. விதிவிலக்கோடு வரும் பிழைத்தடம் (பிழை வந்த வழியின் பதிவு) சட்டகங்களைப் பிடித்திருக்கும், சட்டகம் தன் உள்மாறிகள் எல்லாவற்றையும் பிடித்திருக்கும். ஆகவே தேங்கிய ஒரு பிழை வரி பெரிய தரவு முழுவதையும் உயிரோடு வைத்திருக்கக்கூடும். வரிகளை இடையகத்தில் தேக்கி மொத்தமாக வேறொரு ஹேண்ட்லருக்கு அனுப்பும் மெமரி ஹேண்ட்லருக்கு அந்த இலக்கு ஹேண்ட்லரைக் கொடுக்க மறந்தால், ஃப்ளஷ் செய்தாலும் (தேங்கியதை வெளியேற்றச் சொன்னாலும்) அதன் இடையகம் காலியாவதில்லை.

தோல்வி வழிகளில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். வட்டு நிறைந்த நிலை, சாக்கெட் மூடிய நிலை, வரிசையிலிருந்து எடுத்து எழுதும் இழை (த்ரெட்) செத்துப்போன நிலை ஆகிய மூன்றையும் வலிந்து உண்டாக்கிச் சோதித்துப் பார். பைத்தானின் வரிசைக்கு அளவு சொல்லாவிட்டால் அதற்கு வரம்பே கிடையாது. எடுப்பவன் இல்லையென்றால் அது ஏறிக்கொண்டே போகும். இது கசிவாகுமா என்று வாதிடுவோர் உண்டு. இயந்திரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. நினைவகம் தீர்ந்து லினக்ஸ் கெர்னல் செயலியைக் கொல்லும்போது, அந்த வரிசையில் காத்திருந்த வரிகளும் சேர்ந்தே போகின்றன. என்ன நடந்தது என்று பார்ப்பதற்கென்றே வைத்த சாட்சி, தன் பெருக்கத்தாலேயே தன்னை அழித்துக்கொள்ளும் நிலை அது. மற்ற எந்த லைப்ரரியையும்விட லாகிங் லைப்ரரியைக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வரம்புள்ள வரிசை நிறைந்துவிட்டால், வரியைக் கைவிடுவதா, அழைத்தவரைக் காத்திருக்க வைப்பதா என்று நீ முடிவு செய்தாக வேண்டும். காற்றாலை அளவீட்டை லாக் வரிக்காக நிறுத்த முடியாது என்பதால், கீழ்நிலை வரிகளைக் கைவிட்டு, கைவிட்டவற்றின் எண்ணிக்கையை மட்டும் பதிவது இங்கே சரியாகப் படுகிறது. உன் லைப்ரரியைப் பயன்படுத்துவோர் பணக்கணக்கு வைப்பவர்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களுக்கு வேறு முடிவு தேவைப்படலாம். எழுதும் இழையை நிறுத்திவிட்டு ஓட்டும் சோதனையை எழுதியதும் எனக்கு அனுப்பு. எங்கள் செயலியிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்