கம்பளித் தொழிலுக்குத் தறிக்கு முன்னால் சலவைத் தொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டு மயிரை வைத்து நம் வேலூர் வட்டாரத்தில் நெசவுத் தொழில் தொடங்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை தறி, எத்தனை பேருக்குப் பயிற்சி என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். மயிர் எந்த ஆட்டிலிருந்து வரும், அதை எங்கே கழுவுவது என்று கேட்பாரில்லை.

செம்மறி எல்லாம் கம்பளி தராது. சென்னைச் சிவப்பு இனம் கறிக்கான ஆடு. உடம்பில் இருப்பது குட்டை முடி. கம்பளிக்கு ஆவது திருச்சி கருங்குறும்பை இனம். பழைய வட ஆர்க்காட்டின் திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம் அது மேயும். மயிர் கறுப்பு, முரடு. சால்வை நெய்தால் கழுத்தில் குத்தும். போர்வைக் கம்பளி, தரைவிரிப்பு, நெய்யாமல் அமுக்கித் திரட்டும் அமுக்குக் கம்பளம் ஆகியவற்றுக்குப் பொருந்தும். வாலாஜாபேட்டை ஒரு காலத்தில் விரிப்புக்குப் பேர்போன ஊர் என்பதையும் நினைவில் வைக்கலாம்.

ஆட்டை ஏரியில் குளிப்பாட்டி, இரண்டு நாள் காயவிட்டு, தார்ப்பாய் மேல் நிறுத்திக் கத்தரிக்க வேண்டும். சரியாக வெட்டவில்லை என்று அதே இடத்தில் மறுபடி கத்தரி வைத்தால் பொடித்துண்டு விழும். நூற்கும்போது முண்டும் முடிச்சுமாகத் திரள்வது அதுதான். வயிறு, கால், வால் பக்கத்து மயிரை அங்கேயே பிரித்துவிட வேண்டும்.

தொழில் கெடுவது பெரும்பாலும் சலவையில்தான். கிலோவுக்கு 20 முதல் 30 லிட்டர் வெந்நீர், சூடு 50 டிகிரி அளவில். மயிரை அமுக்கி ஊறவிட வேண்டும். துணிபோலக் கசக்கினால் இழையின் செதில்கள் ஒன்றையொன்று கவ்விப் பாயாகத் திரண்டுவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. சூட்டிலிருந்து எடுத்து நேரே பச்சைத் தண்ணீரில் போட்டாலும் அதே கதி. அலசும் நீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும். பாலாற்றங்கரையில் பல ஊர்க் கிணறுகளில் இருப்பது கடுநீர். அதில் சோப்பு நுரைக்காது. திப்பியாகி மயிரில் பிசுபிசுவென்று ஒட்டும், சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். பூந்திக்கொட்டை ஊறல் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கழிவுநீரில் கொழுப்பும் சாணமும் வரும். தோல் பதனிடும் ஆலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996இல் தீர்ப்பு வாங்கிய வட்டாரம் இது. கொழுப்பு பிரிக்கும் தொட்டி இல்லாமல் சலவைக்கூடம் கட்டவே கூடாது.

நூற்பதற்குப் பருத்தி அம்பர் ராட்டையை, அதாவது உருளைகளால் இழையை இழுத்து நூற்கும் பல கதிர் ராட்டையை, கொடுப்பது இன்னொரு தவறு. அதன் உருளை இடைவெளி பருத்தி இழையின் நீளத்துக்கு அமைந்தது. கம்பளி இழை அதில் சீராக இழுபடாது, அறும். குடியாத்தம் கைலித் தறியின் நெருக்கமான அச்சும் (பாவு நூல், அதாவது நீளவாட்டு நூல், நுழையும் சீப்பு) ஆகாது. பாவு நூல் உரசி உரசிப் பிசிறு திரண்டு பல்லை அடைத்துவிடும். அகலப் பல் அச்சு வேண்டும்; பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டுத் தூரிகையால் ஒரே திசையில் நீவ வேண்டும். கம்பளி நெசவுக்காரர்கள் கைவிடாத முறை இது. அவர்களையே பயிற்றுநராக அமர்த்தலாம்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப்புகளில், அதாவது தோல் பதனிடும் கூடங்களில், கழியும் மயிரையும் சிலர் யோசனையாகச் சொல்கிறார்கள். சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த குழியில் ஊறிய மயிர் வேரிலிருந்து வெந்துபோயிருக்கும். பத்து இழையைச் சேர்த்துச் சுண்டி இழுத்தால் பொட்டென்று அறும். தோலின் ஊன் பக்கம் மட்டும் அந்தக் கலவையைப் பூசிக் கழற்றிய மயிர் பரவாயில்லை. அதையும் நன்றாக அலசி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் காரம் போக்கிய பிறகே எடுக்க வேண்டும். நூலுக்கு ஆகாது, திணிப்புக்கு ஆகும்.

கொள்முதல் விலையைக் கழுவிய எடைக்கு வைக்க வேண்டும். கழுவாத எடைக்குக் கொடுத்தால் மண்ணோடும் ஒட்டுமுள்ளோடும்தான் மூட்டை வரும். சுத்தமாகக் கத்தரித்துத் தரும் ஆட்டுக்காரருக்குத்தான் நட்டம். திருப்பத்தூரில் முதலில் ஒரு பொதுச் சலவைக்கூடம், ஒரு தராசு. தறி அதற்குப் பிறகு வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், வேலூர்