மைனஸ் ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை "நீங்க சொன்னதைக் கேட்டதாலதான் இந்த நிலைமை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இரண்டு நாள் யோசித்தேன். நீ சொன்னதில் பாதி சரி.

கடன் வாங்காதே, கிரெடிட் கார்டைக் கையால் தொடாதே என்று உன் முதல் சம்பளத்தன்று சொன்னது நான்தான். ஏழு வருடம் அப்படியே இருந்தாய். இப்போது வீட்டுக் கடன் கேட்டுப் போனால், யார் கடனை எப்படிக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கும் சிபில் கம்பெனி உனக்குப் போட்ட மார்க் மைனஸ் ஒன்று என்கிறார்கள். 300-லிருந்து 900 வரை போகிற கணக்கில் மைனஸ் எங்கிருந்து வந்தது என்று எனக்கும் புரியவில்லை. வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர்தான் விளக்கினார். அது மோசமான மதிப்பெண் இல்லை. உன்னைப் பற்றி எழுத அவர்களிடம் எதுவும் இல்லை என்று அர்த்தம். என்ன சம்பளம், எவ்வளவு சேர்த்திருக்கிறாய் என்பதெல்லாம் மதிப்பெண்ணில் சேராது. வாங்கிய கடனை எப்படிக் கட்டினாய் என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. உன் யோக்கியதைக்கு யாரோ மார்க் போட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

கடனே இல்லாத ஆள் என்று நான் பீற்றிக்கொண்டதும் முழு உண்மை இல்லை. உன் காதுகுத்துக்கு அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. மாடி எழுந்தது இரண்டாம் மாதமே தள்ளி எடுத்த சீட்டுப் பணத்தில். அடகுக் கடைக்காரரும் சீட்டுக்காரரும் சிபிலுக்கு எதுவும் எழுதி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

நேற்று என் கடன் அறிக்கையையும் எடுக்கச் சொன்னேன். இப்படிக் கணக்கு வைக்க சிபிலையும் சேர்த்து நாலு கம்பெனி இருக்கிறதாம். வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. நானும் மைனஸ் ஒன்றுதான் என்று நினைத்தேன். 668 என்று வந்தது! சித்தப்பா டிராக்டர் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன் இல்லையா, அந்தக் கடன் என் பேரிலும் நிற்கிறது. கம்மாயில் தண்ணீர் இல்லாத வருடம் அவன் மூன்று தவணை தவறியிருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை. கடனே வேண்டாம் என்று இருக்கிறவனும் வருடத்துக்கு ஒருமுறை இதைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும் போல.

சரி, உன் விஷயம். பழைய கடன் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை, 2025 ஆகஸ்டில் மக்களவையிலேயே அரசு பதிலாகச் சொன்னது. அந்த வங்கி மேலாளரிடம் இதைச் சொல். இன்னும் ஓரிரு வங்கியில் கேள், ஆனால் ஒரே வாரத்தில் பத்து இடத்தில் விண்ணப்பம் போடாதே; ஒவ்வொன்றும் அறிக்கையில் பதிவாகும். அதற்குள் ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து ஒரு கார்டு வாங்கிக்கொள். மளிகைக்கும் பெட்ரோலுக்கும் மட்டும் தேய், பில் வந்ததும் முழுசாகக் கட்டு. மினிமம் டியூ என்று சின்னத் தொகை ஒன்றைக் காட்டுவான். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு வருடம் 40 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும். மார்க் ஏற்றுவதற்காகப் பர்சனல் லோன் எடு என்று யாராவது சொன்னால், அதற்கு மட்டும் என் பழைய பதில்தான்.

சித்தப்பா காதில் இதைப் போட்டுவிடாதே. பொங்கலுக்கு வருவான், நானே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா