வயதையும் கேளுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். முதலில் ஒரு நன்றி. போன வருடம் ஒரு நள்ளிரவில் என் தம்பிக்கு நெஞ்சுவலி வந்தது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி எடுத்த கையோடு பதினான்கு மாத்திரைகளை அவன் உள்ளங்கையில் கொட்டினார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4; கொலஸ்ட்ராலைக் குறைக்க அட்டார்வாஸ்டேட்டின் 8. நீங்கள் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம்தான் அது. அப்புறம் 108 வண்டி, பெரிய மருத்துவமனை, ஸ்டென்ட். இப்போது மறுபடி பைக் ஓட்டுகிறான். வயது 39.

நான் எழுத வந்தது அவன் வீடு திரும்பிய நாளில் கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைப் பற்றி. எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லை, எங்கே போயிருந்தாலும் அதே தாளைத்தான் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். உணவு ஆலோசனை என்று அரைப் பக்கம்: எண்ணெய்ப் பலகாரம், நெய், தேங்காய் தவிர்க்கவும். குடும்ப வரலாறு என்ற இடத்தில் ஒரே வரி: குறிப்பிடும்படி ஏதுமில்லை.

எங்கள் அப்பா பஸ் கண்டக்டர். 44 வயதில், ஓடும் பஸ்ஸில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கம்பியோரம் சாய்ந்தவர். அத்தை போனது 51-ல். கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

அந்தத் தாளை எங்கள் அம்மாவும் படித்தார். அப்பா செத்த வீட்டிலேயே சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள், ‘வாய்க்கு ருசியா எண்ணெய் ஊத்தி ஊத்திப் போட்டா’ என்று. இருபது வருடத்துக்கு மேலாக அதைச் சுமந்தவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, ‘அவருக்கு ஊத்துனதைத்தானே இவனுக்கும் ஊத்துனேன்’ என்றார். ஆலோசனை எழுதியவருக்கு இது தெரிய நியாயமில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவர் வயதான ஒரு டாக்டர். இரண்டு மாதம் கழித்துச் செக்கப்புக்குப் போனபோது, தம்பியின் பேன்ட்டை முட்டிவரை சுருட்டச் சொல்லி, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். கயிறு மாதிரி இருக்க வேண்டியது பெருவிரல் தடிமனுக்கு இருந்தது. பிறகு விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார். “அப்பாவுக்கு இப்படி இருந்துச்சா?” என்று கேட்டார். இருந்தது. டிக்கெட் கட்டைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனது என்று நாங்களாக ஒரு காரணம் வைத்திருந்தோம். அது கொலஸ்ட்ரால் படிந்த முடிச்சு.

பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் என்கிறார்கள், டாக்டர்கள் வாயில் ‘எஃப்ஹெச்’. உலக அளவில் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. அதே கணக்கு இங்கேயும் செல்லுமானால், தமிழ்நாட்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்குக் குறையாது. அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தால் போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பூவா தலையா. 

எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை ஊரில் சேரும் குப்பை என்று வைத்துக்கொள்வோம். அதை அள்ளும் வண்டிகள் ஈரலில் இருக்கின்றன. அமெரிக்காவின் டல்லஸில் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்த வண்டிகளைக் கண்டுபிடித்துத்தான் 1985-ல் நோபல் பரிசு வாங்கினார்கள். எங்களைப் போன்ற குடும்பத்தில் பிறக்கும்போதே பாதி வண்டி வேலை செய்யாது. குப்பையில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது, இலையில் விழுவதிலிருந்து வருவது கொஞ்சம்தான். ஆகவே பத்து வயதிலேயே தெருவில் குவிய ஆரம்பித்துவிடும்.

அப்படியானால் சாப்பாட்டுக்குச் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் மிச்சமிருக்கும் வண்டிகளிலும் சிலது ஷெட்டில் நின்றுவிடும். தேங்காய் எண்ணெயில் அது சுமார் 90 சதவீதம், பாமாயிலில் ஏறக்குறைய பாதி, நல்லெண்ணெயில் 15 சதவீதம் போல. (மரச்செக்குக் கடையில் ‘கொலஸ்ட்ரால் இல்லாத எண்ணெய்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எந்தத் தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இருந்தது? தண்ணீர் பாட்டிலிலும் அப்படி எழுதிக்கொள்ளலாம்.) ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பாக்கெட்டை நம்பித்தான் பல வீடுகளில் வாணலி சூடாகிறது. அதைக் கடலை எண்ணெயாக மாற்றினால் நல்லது. வேறு துறையின் கதவைத் தட்டி அதை நீங்கள் சொல்ல முடியும்.

ஆனால் எண்ணெய் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதையும் நான் பார்த்துவிட்டேன். தம்பிக்குத் தெரிந்த பிறகு நானும் ரத்தம் கொடுத்தேன். எல்டிஎல் 236. ஒல்லியான ஆள் நான், சுகர் இல்லை, பிபி இல்லை. மூன்று மாதம் தேங்காய்ச் சட்னி, வடை, வெண்ணெய் எல்லாவற்றையும் விட்டேன், மாத்திரை மட்டும் வேண்டாம் என்று பிடிவாதம். 236 என்பது 214 ஆனது. அட்டார்வாஸ்டேட்டின் தொடங்கிய ஆறாவது வாரம் 118.

வீட்டில் எல்லோருக்கும் எடுத்தோம். பதினொரு வயது மகனுக்கு 194. மகளுக்கு 88. தங்கைக்கு ஒன்றுமில்லை. கடைசியாக அம்மா, 67 வயதில் 112. ஒரே அடுப்பு, ஒரே சட்டி, ஒரே எண்ணெய். அந்த ரிப்போர்ட்டை அம்மா மடித்துச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். சொந்தக்காரர்கள் வந்தால் எடுத்துக் காட்டுவதற்கு.

சரி, உங்களிடம் கேட்பது என்ன? தொற்றாநோய்களுக்கான தேசியத் திட்டத்தின் படிவத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வி உண்டு: பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இருக்கிறதா? மூன்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிய கேள்வி. எழுபத்தைந்து வயதில் சர்க்கரை வந்த தாத்தா வீட்டுக்கும் 44-ல் அப்பாவை இழந்த எங்கள் வீட்டுக்கும் அதில் ஒரே டிக். இதய நோயைத் தனியாகப் பிரித்து, எந்த வயதில் என்று கேளுங்கள். ஆணுக்கு 55-க்கு முன், பெண்ணுக்கு 65-க்கு முன் என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் சோதனை. ஊர் முழுக்கச் செய்யச் சொல்லவில்லை. ‘இதயம் காப்போம்’ பதிவேட்டில் ஏறும் இளவயது நோயாளிகளின் பிள்ளைகளிலிருந்து தொடங்கினாலே போதும். டிஸ்சார்ஜ் தாளில் நெய், தேங்காய்க்கு மேலே ஒரு வரி: உங்கள் பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களையும் அழைத்து வாருங்கள்.

புதிதாக எதுவும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நெதர்லாந்து 1994 முதல் இருபது வருடம் இப்படித்தான் ஒரு நோயாளியைப் பிடித்து அவர் சொந்தங்களைத் தேடிப் போனது. ஸ்லோவேனியாவில் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கே பார்க்கிறார்கள். நம் இதய மருத்துவர்கள் சங்கமும் 2024 வழிகாட்டுதலில் முதல் சோதனையை 18 வயதில் வைக்கச் சொல்கிறது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அதற்கும் முன்பே. வாழ்நாளில் ஒருமுறை லிப்போபுரோட்டீன் ஏ என்ற, ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் இன்னொரு துகளையும் பார்க்கச் சொல்கிறது. அதுவும் பரம்பரைச் சொத்துதான், பத்தியம் இருந்தாலும் அசையாது.

செலவு என்று சொல்வீர்கள். தம்பி உள்ளங்கையில் கொட்டியதில் எட்டு, அட்டார்வாஸ்டேட்டின். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மலிவான மாத்திரை. உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. மாரடைப்பு வந்த ராத்திரி எட்டாகக் கொடுப்பதை, பத்துப் பதினைந்து வருடம் முன்பே தினம் ஒன்றாகக் கொடுத்திருந்தால் அவனுக்கு ஸ்டென்ட் தேவைப்பட்டிருக்குமா என்று உங்கள் டாக்டர்களையே கேட்டுப் பாருங்கள்.

அம்மாவின் பிபி மாத்திரையை ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர் மாதாமாதம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். நல்ல பெண், திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் மோர் குடித்துவிட்டுத்தான் போவார். போன மாதம் அவரிடம் அப்பா 44, அத்தை 51, தம்பி 39 என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். போனில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இதை எந்தக் கட்டத்துல போடறது, அக்கா?” என்றார். கடைசியில் தன் நோட்டின் பின்பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை,
விருதுநகர் மாவட்டம்